‘பிரிங் அப்’ என்றால் எதை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருநெல்வேலியில் நர்ஸிங் படித்து, ஊரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் பணிபுரிகிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் நல்ல மதிப்பெண் பெற்றுத்தான் வந்தேன். ‘வாமிட்’, ‘அன்கான்ஷியஸ்’, ‘டாலரேட்’ எல்லாம் தெரியும். ஆனால் இங்கே நோயாளிகள் ‘த்ரூ அப்’, ‘பாஸ் அவுட்’, ‘புட் அப் வித்’ என்றுதான் பேசுகிறார்கள். ஒரே நாளில் ‘கேம் ரவுண்ட்’ என்பதை இரண்டு பொருளில் கேட்டுக் குழம்பினேன். இணையத்தில் கிடைத்த நீண்ட பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். ‘கெட்’டைத் தாண்ட முடியவில்லை. வேறு வழி உண்டா? இத்தொடர்களை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியலைக் கைவிட்டது நல்லது. ‘கெட் அப்’, ‘கெட் ஆன்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் அவே’ என்று ஒரே வினையின் கீழ் அடுக்கப்பட்டவை ஒன்றோடொன்று கலந்து மறந்துபோவதற்கென்றே அடுக்கப்பட்டவை. நீங்கள் திணறுவதும் புதிதல்ல. 1755இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினைக்குப் பின் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார். அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ‘டேக் ஆஃப்’பும் உண்டு, அதற்கு அவர் தரும் பொருள் ‘நகல் செய்தல்’. விமானம் பறக்கும் பொருள் அவர் கனவிலும் வந்திருக்காது.

உங்களுக்குத் தெரிந்த ‘டாலரேட்’டும் ‘போஸ்ட்போன்’னும் லத்தீனிலிருந்து வந்தவை, நம் பாடநூல்களும் அலுவலக ஆங்கிலமும் அவற்றையே நமக்குக் கொடுத்தன. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலேயர் பேசுவதோ ‘புட்’, ‘கெட்’, ‘கோ’, ‘கம்’ போன்ற சிறு வினைகளோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ சேர்த்த தொடர்களை. வலியில் இருக்கும் மனிதர் இந்த மொழியில்தான் பேசுவார். ஆகவே உங்களிடம் உள்ள குறை படிப்பின் குறையன்று.

இப்படிச் சொற்கள் இணைந்து வேறு பொருள் தருவது தமிழருக்கு அந்நியமும் அன்று. ‘தள்ளிப்போடு’ என்பதில் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை. ‘போட்டுக்கொடுத்துவிட்டான்’ என்றால் காட்டிக்கொடுத்தான் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் ‘காபி போட்டுக்கொடுத்தான்’ என்றால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. அங்கே பொருளைத் தீர்மானிப்பது காபி என்ற செயப்படுபொருள். ஆங்கிலத்திலும் உங்கள் கண் போகவேண்டிய இடம் அதுதான். வினையையும் அதன் பின் வரும் ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற ஒட்டையும் பிடித்து உலுக்காமல், அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள்.

உங்கள் வார்டிலேயே ஒரு மூதாட்டியைப் பற்றி மூன்று வாக்கியங்கள் காதில் விழலாம். ‘ஷி பிராட் அப் ஹர் பிரேக்ஃபாஸ்ட்’ என்றால் காலை உணவை வாந்தி எடுத்தார். ‘ஷி பிராட் அப் த்ரீ சில்ட்ரன்’ என்றால் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ‘ஷி பிராட் அப் ஹர் டிஸ்சார்ஜ்’ என்றால் தம்மை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை எடுத்தார். ‘பிரிங் அப்’ என்பதற்கு மூன்று அர்த்தம் என்று எழுதி வைத்தால் குழப்பமே மிஞ்சும். உணவு, பிள்ளை, விஷயம் என்று எழுதி வைத்தால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

செயப்படுபொருள் இல்லாதபோது எழுவாயைப் பாருங்கள். அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அலறத் தொடங்கியது. விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. பால் என்றால் கெட்டுப்போனது. ‘ஹீ ஹேஸ் கான் ஆஃப் ஹிஸ் ஃபுட்’ என்று மகள் வந்து சொன்னால் அப்பாவுக்குச் சாப்பாட்டில் நாட்டமே போய்விட்டது என்று பொருள். ஒரு செவிலியர் கவனிக்காமல் விடக்கூடாத தகவல் அது. உங்களைக் குழப்பிய ‘கேம் ரவுண்ட்’டும் இப்படித்தான். மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர் எழுவாயாக இருந்தால் நினைவு திரும்பியது. ‘மை சன் கேம் ரவுண்ட் லாஸ்ட் நைட்’ என்றால் மகன் வீட்டுக்கு வந்துபோனான். பின்னால் ‘டு த ஐடியா’ என்று வந்தாலோ, முதலில் மறுத்தவர் மனம் மாறி ஒப்புக்கொண்டார். இதே நினைவு திரும்புவதை அமெரிக்கர் பெரும்பாலும் ‘கேம் டு’ என்பார்கள். மருத்துவத் தொடர்கள் பார்ப்பவர் என்றால் அதையும் கேட்டிருப்பீர்கள்.

‘பாஸ் அவுட்’ பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் ‘2016இல் பாஸ் அவுட் ஆனேன்’ என்றால் படித்து முடித்தேன் என்று பொருள். இங்கிலாந்தில் ராணுவத்திலோ காவல்துறையிலோ பயிற்சி முடித்தவரைப் பற்றி அப்படிச் சொல்வதுண்டு. உங்கள் வார்டில் சொன்னால் அந்த ஆண்டு மயங்கி விழுந்தீர்கள் என்றுதான் எண்ணுவார்கள். அதைவிடக் கவனம் தேவைப்படுவது வேறொன்று. ‘ஹீ பாஸ்ட் அவுட்’ என்றால் மயங்கினார். ‘ஹீ பாஸ்ட் அவே’ என்றாலும், இப்போது பலர் சொல்வதுபோல் வெறுமனே ‘ஹீ பாஸ்ட்’ என்றாலும், இறந்துவிட்டார். பணி மாறும் நேரத்து அவசரத்தில் அந்தக் கடைசிச் சொல் காதில் விழவில்லை என்றால் மறுபடி கேட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நல்லவேளையாக அந்தச் சொல்லை ஆங்கிலேயர் விழுங்கிவிடுவதில்லை. ‘பாஸ்ட் அவுட்’, ‘த்ரூ அப்’, ‘டர்ன் இட் ஆஃப்’ போன்றவற்றில் ஒட்டின் மேல்தான் குரல் அழுந்தும். ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ அழுந்தி, ‘அட்’ காற்றோடு போய்விடும். காதுக்குக் கேட்கும் இந்த வேறுபாட்டின் பின்னே இலக்கணமும் இருக்கிறது. அழுந்தி ஒலிப்பது பெரும்பாலும் வினையின் பகுதி. அது ‘டர்ன் த டிவி ஆஃப்’ என்று பெயர்ச்சொல்லைத் தாண்டிப் போய் நிற்கும். ‘இட்’ வந்தால் தாண்டியே ஆகவேண்டும், ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது கிடையாது. மெலிந்து ஒலிப்பது அடுத்து வரும் பெயரோடு ஒட்டிய முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்). ‘லுக் இட் அட்’ என்று யாரும் சொல்வதில்லை. (நாமோ வினையை விட்டுவிட்டு ஒட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்கிறோம். தமிழில் அது அழகாகவே பொருந்திவிட்டது. அதைத் திருப்பி ‘ஆஃப் த லைட்’ என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல்.)

இந்த முன்னிடைச்சொற்கள் வேறொரு வகையில் நம்மைத் தடுக்கி விழச்செய்பவை. ‘ஷவுட் டு’ என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி கத்துவது. ‘ஷவுட் அட்’ என்றால் ஒருவர் மேல் பாய்ந்து கத்துவது. ‘த்ரோ டு’ என்றால் பிடித்துக்கொள்ளட்டும் என்று எறிவது. ‘த்ரோ அட்’ என்றால் அடிபடட்டும் என்று எறிவது. ‘டு’ ஒருவரைச் சென்றுசேர்கிறது, ‘அட்’ ஒருவரைக் குறிவைக்கிறது. ‘தி அதர் நர்ஸ் ஷவுட்டட் டு மீ’ என்று ஒரு நோயாளி சொன்னால் அவர் குறை சொல்லவில்லை. ‘அட் மீ’ என்றால் குறைதான் சொல்கிறார், அதை நீங்கள் மேலதிகாரியிடம் கொண்டுபோகவேண்டும்.

இதே போன்றது ‘கம்ப்ளெய்ன்’. ‘கம்ப்ளெய்ன்ட் ஆஃப் செஸ்ட் பெயின்’ என்றால் நெஞ்சு வலிக்கிறது என்றார், அது நோய்க்குறி. ‘கம்ப்ளெய்ன்ட் அபவுட் த ஃபுட்’ என்றால் சாப்பாடு சரியில்லை என்றார், அது மனக்குறை. தமிழில் ‘பற்றி’ என்று நினைத்த மாத்திரத்தில் நம் கை ‘அபவுட்’ எழுதிவிடுகிறது. ‘டிஸ்கஸ் அபவுட்’ பிறந்ததும் அப்படித்தான். அங்கே ‘டிஸ்கஸ்’ மட்டும் போதும்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இது. சட்டைப்பையில் சிறு நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கேட்ட தொடரை முழு வாக்கியமாக எழுதுங்கள். நோயாளியின் பெயரையோ படுக்கை எண்ணையோ மட்டும் எழுதாதீர்கள். ‘வேர் ஆஃப் – குறைதல்’ என்று எழுதாமல், ‘த பெயின்கில்லர் இஸ் வேரிங் ஆஃப்’ என்று எழுதினால், தேய்ந்து போவது மருந்தின் வேகம் என்பது கூடவே வந்துவிடும். அகர வரிசை வேண்டாம், கேட்ட வரிசையே போதும்.

குறிப்பேட்டைப் பொறுத்தவரை, உங்கள் கண்ணால் பார்த்ததை ‘வாமிட்டட்’ என்றே எழுதுங்கள். தெளிவாக எழுதவேண்டும், ஊகம் கலக்கக்கூடாது என்று பிரிட்டனில் செவிலியரை ஒழுங்குபடுத்தும் அமைப்பான என்எம்சியின் நெறிமுறைத் தொகுப்பும் சொல்கிறது. நோயாளியே சொன்னது என்றால் அவருடைய சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். ‘பாஸ்ட் அவுட்’ என்று அவர் சொன்னதை நீங்கள் ‘அன்கான்ஷியஸ்’ என்று மாற்றிவிட்டால், உண்மையில் நினைவு தப்பியதா, தலைசுற்றி உட்கார்ந்தாரா என்று மருத்துவர் அவரிடம் கேட்காமலே போகக்கூடும்.

அன்புடன்