எம்-15 ரெசின் மாடல்: கேள்வி பதில்

போலந்தின் எம்-15 பெல்ஃபகோர் விமானத்தை 1/72 அளவில் ரெசின் கராஜ் கிட்டிலிருந்து (சிறு தயாரிப்பாளர்கள் பிசினில் வார்த்து விற்கும் பாகங்களின் தொகுப்பு) கட்டி முடித்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அப்படி என்ன அபூர்வம் இதில்?

ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை இறக்கை, ஆனால் ஜெட். ஆலையில் வரிசையாகத் தயாரான ஒரே ஜெட் இரட்டை இறக்கை விமானம் இதுதான். சோவியத் கூட்டுப் பண்ணைகளில் மருந்து தெளிக்க, ஆன்-2 என்ற பழைய புரொப்பெல்லர் விமானத்துக்கு மாற்றாக, போலந்தின் மியெலெட்ஸ் நகரில் கட்டினார்கள். யாக்-40 பயணிகள் விமானத்தில் மூன்று ஏஐ-25 இன்ஜின்கள் உண்டு. அதே இன்ஜின் ஒன்று இதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். செலவு கட்டுப்படியாகாமல், ஏறத்தாழ 175 விமானங்களோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதன் மேல் தனிப் பாசம் உண்டு.

கேள்வி: அண்ணா, என் கிட்டில் வாலைத் தாங்கும் தண்டு இரண்டும் வளைந்திருக்கின்றன. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம் தம்பி. கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் போடுங்கள், இளகிவிடும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். ஆனால் மெல்லிய ரெசின் நாளாக நாளாகப் பாரம் தாங்காமல் மறுபடி தொங்கும். அதனால் உள்ளே துளையிட்டு 1 மி.மீ. பித்தளைக் கம்பி செருகிவிட்டேன்.

கேள்வி: பிளாஸ்டிக் மாடல் பசை ஒட்டவில்லை. பெயின்ட்டும் உரிகிறது.

அந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது, ரெசினைக் கரைக்காது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து ஒட்டும் பசை) தான். பெயின்ட் உரிவதற்குக் காரணம் வார்ப்பு அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு. அதைக் கழுவ, பாத்திரம் கழுவும் திரவமும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். ரெசினை உப்புத்தாளில் தேய்க்கும்போது நனைத்தே தேயுங்கள், முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: இரண்டு இறக்கைகளையும் எப்படி நேராக நிறுத்தினீர்கள்?

அதற்கே மூன்று வாரம் ஆனது. மேல் இறக்கை ஏறத்தாழ 31 செ.மீ. நீளம், நடுவில் சிறு பிசகு இருந்தாலும் நுனியில் அப்பட்டமாகத் தெரியும். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே பெரிய மருந்துத் தொட்டிகள் இரண்டு நிற்கின்றன அல்லவா, முழு மாடலும் அவற்றை நம்பித்தான் இருக்கிறது. என் கிட்டில் ஒன்று மற்றதைவிட ஒரு மி.மீ. உயரம். முதலில் அவற்றை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினேன். அப்புறம் லெகோ கட்டைகளை அடுக்கி மேல் இறக்கையைத் தாங்க வைத்து, ஐந்து நிமிட எபாக்ஸியால் ஒட்டினேன். சூப்பர் க்ளூ இங்கே கூடாது, திருத்த நேரமே தராது. இறக்கைகளின் உட்பக்கங்களுக்கு முன்கூட்டியே பெயின்ட் அடித்துவிடுங்கள். பிறகு பிரஷ் நுழையாது.

கேள்வி: மூக்கில் எடை வேண்டுமா?

வேண்டும். இன்ஜின், தண்டுகள் எல்லாம் கெட்டி ரெசின், பாரம் பின்னால்தான்; மூக்கில் எடை இல்லாவிட்டால் மாடல் வால் பக்கம் சாய்ந்துவிடும். டேப்பால் சேர்த்து நிறுத்திப் பார்த்துவிட்டு, தூண்டில் ஈயத்தை மூக்குக்குள் எபாக்ஸியில் பதியுங்கள். அந்த எடைக்கு ரெசின் சக்கரக் கால்கள் வளையும், அவற்றையும் பித்தளையில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நிஜ விமானத்தை எங்கே பார்க்கலாம்?

கிராகோவ் விமான அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. தெளிப்புக் குழாய்களை ஒட்டும் முன் அதன் படங்களைத் தேடிப் பாருங்கள்.