ஏத்தினா ஏறுமா?

கேள்வி: அமினோ அமிலத்தை டிரிப்ஸில் ஏற்றினால் ஆரோக்கியமான ஆளுக்கும் ஹார்மோன் ஏறும் என்கிறார் என் ஜிம் நண்பர். நிஜமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 'ஏற்றினால்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள மவுசே தனி. 'ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க' என்றால்தான் காய்ச்சலுக்கே ஒரு கௌரவம். வெறும் மாத்திரை எழுதித் தருபவர் டாக்டரே இல்லை. என் பெரியப்பா ரிட்டயர் ஆன பிறகு அவ்வப்போது போய் 'குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு' வருவார். ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம். ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை. "இதைக் காபியிலேயே போட்டுக் குடித்திருக்கலாமே பெரியப்பா" என்றேன். "காபி குடிக்கிறவனை எவன்டா சாத்துக்குடியோட பார்க்க வருவான்?" என்றார்.

சரி, உங்கள் விஷயம். ஏறும். புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களை ஏற்றினால் இன்சுலின் கூடுவதை, 1966-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்டும் சகாக்களும் ஆரோக்கியமானவர்களிடமே அளந்து காட்டினார்கள். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அதில் கெட்டிக்காரன். கூடவே குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறும். இன்சுலின் ரத்தச் சர்க்கரையை இறக்கும், குளுக்ககான் கல்லீரலிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும். வீண் வேலை இல்லை. சோறே இல்லாமல் வெறும் கறியைத் தின்றவனுக்கு இன்சுலின் மட்டும் சுரந்தால் ஆள் மயங்கி விழுவான்.

உங்கள் நண்பர் கண் வைத்திருப்பது வளர்ச்சி ஹார்மோன் மேல். அதுவும் ஏறும், ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொடும், அப்புறம் இறங்கிவிடும். அதனால்தான் ஆர்ஜினினை டாக்டர்கள் பரிசோதனைக்கு வைத்திருக்கிறார்கள். வளராத குழந்தைக்கு, அந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்கிறதா என்று ஏற்றிப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு 30 கிராம், அரை மணி நேரத்தில். வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டுகிற மாதிரி. தட்டத் தட்ட வீட்டில் ஆள் கூடிவிடாது என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

இதில் எத்தனை 'ஹார்மோன்' என்று தஞ்சாவூர் அன்பர் இந்நேரம் எண்ணியிருப்பார். 'இயக்குநீர்' என்று எழுதாவிட்டால் சந்தாவை நிறுத்துவேன் என்று பதினோரு வருடமாக சிவப்பு மையில் எழுதுகிறார். ஐயா, 1905-இல் 'ஹார்மோன்' என்று பெயர் வைத்த ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங்கே கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கியவர்தான். அங்கே அதற்குக் 'கிளப்பிவிடுவது' என்று பொருள். அந்த வகையில் உங்கள் இயக்குநீர் சரியான மொழிபெயர்ப்பு, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், உங்கள் சந்தா போன மாதமே முடிந்துவிட்டது.