மாதவிடாய் பற்றி ஊருக்குச் சொல்கிறேன், எனக்கே முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 25. தர்மபுரி பக்கம் இரண்டு தோழிகளுடன் துணி நாப்கின் தைத்து விற்கிறேன். பள்ளிகளில் மாதவிடாய் வகுப்பும் எடுக்கிறோம். மாணவிகள் இரவில்கூட போனில் அழைத்து அழுகிறார்கள். தூக்கம் போய்விட்டது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். ஒரு தோழி விலகிவிட்டாள். நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளைக் கைவிட்டதாகாதா?

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும். ஓயாத அசதிக்கு இவை காரணமாக இருப்பதுண்டு. ஊருக்கு ரத்தசோகை பற்றிச் சொல்கிறவர்கள் தங்களுடையதைக் கவனிப்பதில்லை.

அதில் குறையில்லை என்றால் இது பணிச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலைமீது விலகலோ கசப்போ வருவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. முதல் இரண்டின் சாயல் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் செய்வது மூன்று வேலை: தைத்து விற்பது, வகுப்பெடுப்பது, அழுகிறவர்களுக்குக் காது கொடுப்பது. உங்களை உருக்குவது மூன்றாவதுதான். அதற்கு நீங்கள் பயிற்சி பெற்றவரும் இல்லை. சொந்த எண்ணை மாணவிகளுக்கு இனிக் கொடுக்காதீர்கள். வகுப்பு முடிவில் 14416 (டெலி மானஸ், மனநல உதவி), 1098 (குழந்தைகள் உதவி), 104 (மருத்துவ ஆலோசனை) ஆகியவற்றைப் பலகையில் எழுதுங்கள். ஓர் ஆசிரியை உடன் இல்லாத வகுப்பை ஏற்காதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அழுகிற மாணவி பேச அங்கே ஒருவர் வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீளும் ரத்தப்போக்கு, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பாலியல் கொடுமை பற்றி ஒரு சிறுமி சொன்னால், அதை மனதுக்குள் வைத்துச் சுமப்பது சட்டப்படியே தவறு. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, விஷயம் தெரிந்தவர் யாராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, யாரிடம் பேசுகிறீர்கள் என்பது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தின் ஒரு தனியார் பள்ளியில், மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுதினார். அங்கே பாடம் தேவைப்பட்டது அந்தச் சிறுமிக்கா, சுற்றியிருந்த பெரியவர்களுக்கா? சிக்கல் நாப்கின் கிடைக்காதது மட்டுமல்ல, அதை அரசின் புதுயுகம் திட்டம் இலவசமாகவே தருகிறது. துணி நாப்கினை வெயிலில் காயப்போட முடியாமல் கட்டிலுக்கடியில் உலர்த்த வைப்பது பாட்டியும் அம்மாவும் பார்க்கும் தீட்டு. ஆகவே பள்ளிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தை ஆசிரியைகளுக்கும் மகளிர் குழுவினருக்கும் கொடுங்கள். பிள்ளைகளிடம் அவர்களே பேசட்டும்.

மலிவு விலை நாப்கின் இயந்திரம் உருவாக்கிய கோவை முருகானந்தத்தை மனைவியும் தாயும் விட்டுப்போனதை மேடைதோறும் சொல்லிச் சொல்லி, எல்லாவற்றையும் இழப்பதுதான் இந்த வேலைக்குத் தகுதி என்று இளைஞர்களை நம்ப வைத்துவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அவரிடம் கற்க வேண்டியது வேறு: நாப்கின் செய்யும் இயந்திரத்தை மகளிர் குழுக்களிடம் கொடுத்தார். தயாரிப்பும் விற்பனையும் அந்தந்த ஊர்ப் பெண்கள் கைக்குப் போயின. ஒரே ஆள் ஊர் ஊராக அலையவில்லை.

விலகிய தோழியைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு மாதச் சம்பளம் என்று ஏதாவது இருந்ததா? உங்களுக்கு? துணி, நூல், பஸ் செலவோடு வேலை செய்கிற எல்லோரின் கூலியையும் சேர்த்து நாப்கின் விலையைப் போடுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் இலவச வகுப்புகளைத்தான் குறைக்க வேண்டும், சம்பளத்தை அல்ல. மே 28, உலக மாதவிடாய் சுகாதார நாள் நெருங்கினால் கல்லூரிகள் வரிசையாக அழைக்கும். பொன்னாடை போர்த்தி அனுப்பும். போக்குவரத்துச் செலவும் பேச்சுக்கான தொகையும் எவ்வளவு என்று அழைப்பு வந்த அன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.