‘வேண்டாம்’ என்று சொல்லும் கால்குலேட்டர்

அன்புள்ள ஐயா,

சிறு நிறுவனங்களுக்கான பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் இணையதளத்துக்கு வாரந்தோறும் மார்க்கெட்டிங் கட்டுரைகள் எழுதுவது என் பணி. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும், நிலுவைத் தொகையை வசூலிப்பது எப்படி என்பது போன்றவை. வருகிறவர்கள் பாதியிலேயே போய்விடுகிறார்கள். என் எழுத்து ஈர்க்கவில்லை என்கிறார் மேலாளர். இனி ஒவ்வொரு கட்டுரையிலும் இன்டராக்டிவாக ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்லி, வினாடி வினா, கருத்துக்கணிப்பு, கால்குலேட்டர், தள்ளுபடி தரும் சுழல் சக்கரம் என ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். முடிவைக் காட்டும் முன் மின்னஞ்சல் முகவரியை வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

இப்போது யாரும் படிப்பதில்லை, அழுத்துவதற்கு ஏதாவது கொடுத்தால்தான் நிற்கிறார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது. மாதத்துக்கு எத்தனை செய்யலாம்? எந்தச் சேவையைப் பயன்படுத்தலாம்? தேடுபொறியில் இதனால் முன்னேற்றம் கிடைக்குமா?

இன்னொன்று. சில நாட்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்டேன். மென்பொருளைப் பற்றி விசாரிக்க அழைத்தவர்கள் பேச்சுவாக்கில், தங்களுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். அதைக் கட்டுரையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

அந்தக் கடைசிப் பத்தி இல்லாமல் இருந்தால் உங்களுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். நிறுவனங்கள் தங்கள் பக்கங்களில் வாசகரிடம் கேட்கும் கேள்விகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளில் கேட்பவருக்குப் பதிலில் அக்கறையே இல்லை. என்ன பதில் வந்தாலும் தான் சொல்லப்போவதை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்கிறார். உங்கள் மேலாளரின் பட்டியலும் அந்த வழியில்தான் போகிறது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதத்துக்கு எத்தனை என்று கணக்கு வைக்காதீர்கள். கேட்கத் தகுந்த கேள்வி கிடைக்காத மாதத்தில் ஒன்றும் வேண்டாம். எந்தச் சேவை என்பது ஒரு பொருட்டே இல்லை. பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வி மாறவும், ஒவ்வொரு முடிவையும் தனியாக எழுதவும் வசதி இருந்தால் போதும். சுழல் சக்கரத்தைத் தூக்கி எறியுங்கள். வராத பணத்தை நினைத்துக் கவலையோடு வந்தவரிடம் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது அவமரியாதை.

யாரும் படிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது உங்கள் மேல் கோபம் வந்தது. உங்கள் வாசகர்கள் தேடுகிறார்கள், தலைப்பைப் பார்த்துத் திறக்கிறார்கள், மூன்று பத்திக்குள் தங்களுக்கு இங்கே எதுவும் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டுப் போகிறார்கள். கவனமாகப் படிக்கிறவர்கள்தான் அவ்வளவு சீக்கிரம் போவார்கள். அவர்களைப் பொத்தான் வைத்து நிறுத்த முடியாது. நியூயார்க் டைம்ஸின் வரைகலைப் பிரிவைச் சேர்ந்த ஆர்ச்சி ட்சே 2016ல் ஓர் உரையில் இதை வெளிப்படையாகச் சொன்னார்: வாசகர்கள் கீழே உருட்டிக்கொண்டு போகத்தான் விரும்புகிறார்கள், அவர்களை நிறுத்திச் சொடுக்கச் சொன்னால், சொடுக்கிய பிறகு அதற்குத் தகுந்த பெரிய விஷயம் நடக்க வேண்டும். இன்டராக்டிவ் படைப்புகளில் உலகத்துக்கே முன்னோடியாக இருந்த பிரிவு, அனுபவத்தில் வந்து சேர்ந்த இடம் அது.

அதே பத்திரிகை 2013 டிசம்பர் பிற்பகுதியில் அமெரிக்க ஆங்கில வட்டார வழக்கைப் பற்றி 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாடி வினாவை வெளியிட்டது. ஆண்டு முடியச் சில நாட்களே இருந்தும், அந்த ஆண்டில் அதன் இணையதளத்தில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்டது அதுதான். பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் அவருடைய பேச்சு எந்தப் பகுதிக்கு நெருக்கமானது என்று தனி வரைபடம் கிடைத்தது. அதற்கு அடித்தளம், பெர்ட் வாக்ஸ், ஸ்காட் கோல்டர் இருவரும் அதற்குப் பத்தாண்டு முன்பு நடத்திய வட்டார வழக்கு ஆய்வு. அந்த வரைபடத்தை எவ்வளவு நன்றாக எழுதப்பட்ட கட்டுரையாலும் கொடுத்திருக்க முடியாது. இரண்டு பேர் வந்தால் இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் இன்டராக்டிவ் செய்யுங்கள். இல்லையென்றால் பத்தியாகவே எழுதுங்கள்.

முதலில் ஊகிக்க வைப்பதும் நல்ல வழி. 2015ல் நியூயார்க் டைம்ஸே வெளியிட்ட ஒரு படைப்பில், குடும்ப வருமானம் கூடக்கூடக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் விகிதம் எப்படி மாறுகிறது என்பதை வாசகரே கோடாக வரைய வேண்டும். வரைந்து முடித்த பிறகுதான் உண்மையான கோடு தெரியும். சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கின் காப்மைண்டர் அமைப்பு 2017ல் 14 நாடுகளில் ஏறத்தாழ 12,000 பேரிடம் உலக நிலவரம் பற்றிக் கேள்விகள் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பன்னிரண்டில் நான்கு சரியாக வரும். சராசரியாக இரண்டுதான் வந்தது. தான் நம்பியது தவறு என்று அந்தக் கணத்தில் அறிந்தவர் அடுத்த பத்தியை விடமாட்டார். வெறுமனே படித்த சொல்லைவிடத் தானே முயன்று கண்டடைந்த சொல் நினைவில் நிற்கிறது என்பதை உளவியலாளர்கள் ஸ்லமெக்காவும் கிராஃபும் 1978லேயே பரிசோதித்துக் காட்டினார்கள்.

உங்கள் துறையிலேயே பார்ப்போம். நிலுவையில் உள்ள தொகையை, ஓர் ஆண்டில் கடனுக்கு விற்ற மொத்தத் தொகையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், பணம் கைக்கு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். கணக்காளர்கள் எல்லோரும் அறிந்த சூத்திரம். சிறு நிறுவனம் நடத்துகிறவர்களில் பலர் அதைத் தங்களுக்குப் போட்டுப் பார்த்ததில்லை. முதலில், ‘உங்களுக்குப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பிறகு இரண்டு தொகைகளையும், பணம் கட்ட வாடிக்கையாளருக்கு அவர் கொடுக்கும் தவணை நாட்களையும் கேளுங்கள். ஆண்டின் கடன் விற்பனையில் ஆறில் ஒரு பங்கு நிலுவையில் இருந்தால் விடை ஏறத்தாழ 61 நாள். அவர் 30 என்று ஊகித்திருந்தால் அந்த இடைவெளியே அவரை உட்கார வைக்கும்.

இனி நான் சொல்ல விரும்பிய விஷயம். அந்த 61 நாள் எல்லோருக்கும் ஒரே செய்தி இல்லை. 30 நாள் தவணை கொடுத்தவருக்கு அது சிக்கல். 60 நாள் தவணை கொடுத்தவருக்குப் பணம் சரியாகவே வந்துகொண்டிருக்கிறது. நினைவூட்டல் அனுப்பும் உங்கள் மென்பொருள் வசூலில் அவருக்குப் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. வேண்டுமானால் தவணையைக் குறைப்பது பற்றி அவர் யோசிக்கலாம், அதற்கு மென்பொருள் தேவையில்லை. இதை உங்கள் கால்குலேட்டர் அவரிடம் சொல்லுமா? ‘உங்களுக்கு இப்போது நாங்கள் வேண்டாம்’ என்று எழுதிய ஒரு முடிவு அதற்குள் இருக்குமா? இருக்காது என்றால் நீங்கள் கட்டுவது விளம்பரம்தான். அதை நிரப்பும் வேலையையும் வாசகர் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

முன்பு நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இப்படி ஒன்றைச் செய்தோம். கேள்விகளையும் முடிவுகளையும் எழுதியவன் நான். நான்கு முடிவுகள் எழுதினேன். நான்காவது, ‘இன்றைய அளவில் உங்களுக்கு ஒரு சாதாரண விரிதாளே (ஸ்ப்ரெட்ஷீட்) போதும்’ என்பது. அதற்குக் கீழே, எந்த நிலை வந்தால் விரிதாள் போதாமல் போகும் என்று மூன்று வரி. கூட்டத்தில் அந்த நான்காவதை நீக்கச் சொன்னார்கள். காசு கொடுத்து வாசகரை வரவழைத்துவிட்டுத் திருப்பி அனுப்புவதா என்று கேட்டார்கள். மிச்சமிருந்த மூன்றும் ‘உடனடித் தேவை’, ‘தேவை’, ‘விரைவில் தேவைப்படும்’ என்று ஆயின. மூன்றின் அடியிலும் ஒரே பொத்தான். நிரலை எழுதிய இளைஞர் என் மேசைக்கு வந்து, என்ன எண்ணைப் போட்டாலும் ‘தேவை’ வருகிறதே, இதற்கு எண்ணை ஏன் கேட்கிறோம் என்றார். அவர் வருத்தத்தோடுதான் கேட்டார். அந்தக் கேள்வியை மீண்டும் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன், யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு விற்பனைப் பிரிவினரே வந்து முறையிட்டார்கள். அந்த வழியாக வந்த முகவரிகளை அழைத்தால் பேசுகிறவர்களுக்கு மென்பொருளில் ஆர்வமே இல்லை என்றார்கள். ஆர்வம் இல்லாதவர்களை அடையாளம் காட்டத்தான் நான்காவது முடிவு இருந்தது.

எல்லோருக்கும் ஒன்றையே சொல்லி எல்லோரையும் தலையாட்ட வைப்பது எளிது. 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு விளக்கம் தருவதாகச் சொல்லி, எல்லோர் கையிலும் ஒரே விளக்கத்தைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. ‘நீங்கள் எந்த வகைத் தொழில்முனைவோர்?’ என்று உங்கள் மேலாளர் ஒரு வினாடி வினா கேட்டால் அதுவும் இப்படித்தான் ஓடும். மகிழ்ச்சியாகப் பகிர்வார்கள். அவர்கள் தொழிலைப் பற்றி அவர்களுக்கும் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது, உங்களுக்கும் தெரிந்திருக்காது.

வீட்டை வாங்குவதா வாடகைக்கு இருப்பதா என்று சொல்லும் நியூயார்க் டைம்ஸ் கால்குலேட்டரைப் பாருங்கள். உங்கள் எண்களைக் கொடுத்தால், இந்தத் தொகைக்குக் குறைவாக இதே போன்ற வீடு வாடகைக்குக் கிடைத்தால் வாடகையே மேல் என்று ஒரு வரம்பைச் சொல்கிறது. எந்தப் பக்கம் சாய்வது என்பதை உங்கள் எண்கள்தான் தீர்மானிக்கின்றன. பத்திரிகைக்கு விற்க வீடு இல்லை, அதனால் முடிகிறது என்று உங்கள் மேலாளர் சொல்லலாம். விற்க ஒரு பொருள் இருக்கும்போதும் அப்படிச் சொல்கிறவரைத்தான் மனிதர்கள் நினைவில் வைத்து இரண்டாவது முறை தேடி வருகிறார்கள். இதைச் செய்ய உங்களுக்குத் துணிச்சல் வேண்டும் ச., கருவி வேண்டியதில்லை.

மின்னஞ்சல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டுக் கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டு, விடையைக் கையில் மறைத்துக்கொண்டு முகவரி கேட்பது நம்பிக்கைத் துரோகம். கேள்விகளுக்கு முன்னால் இதைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் பலர் தொடங்கியிருக்கவே மாட்டார்கள், அதனால்தானே சொல்லவில்லை? ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை ஏறத்தாழ 2,70,000 பேர் நிறுவினார்கள். அதன் வழியாக 8.7 கோடிப் பேர் வரை தரவுகள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்பது 2018ல் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் இணையத்தில் ஒரு கேள்விக்கு நம்பிப் பதில் சொல்கிறவர்கள் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள். அந்த நம்பிக்கையை மதியுங்கள். நான் சொன்ன கணக்கை வாசகரின் உலாவிக்குள்ளேயே போட்டுவிடலாம். ஒரு எண்கூட உங்கள் சர்வருக்கு வரத் தேவையில்லை. அப்படிச் செய்து, அதை மேலேயே ஒரு வரியில் சொல்லுங்கள். விடையை முழுதாகக் காட்டுங்கள். அதன் பிறகு, இந்தக் கணக்கின் பிரதி வேண்டுமா என்று கேட்டு முகவரி வாங்குங்கள். எண்ணிக்கை குறையும். வருகிற முகவரிகள் வேண்டும் என்று கொடுக்கப்பட்டவையாக இருக்கும்.

தேடுபொறி பற்றி ஒரே பத்தி. வினாடி வினா இருக்கிறது என்பதற்காகக் கூகுள் மேலே தூக்கி வைக்காது. வெளிச் சேவைகளின் கனமான நிரல் பக்கத்தை மந்தமாக்கினால் கெடுதல்தான். 2024 மார்ச் முதல், வாசகர் தொட்டதற்கும் திரை பதிலளிப்பதற்கும் இடையிலான நேரத்தைக் கூகுள் தன் முக்கிய அளவீடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 200 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது. விசைப்பலகையால் மட்டும் இயக்குகிறவருக்கும் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானில் கேட்கிறவருக்கும் உங்கள் கால்குலேட்டர் வேலை செய்ய வேண்டும். சூத்திரத்தையும் ஒரு மாதிரிக் கணக்கையும் கட்டுரைக்குள் சொற்களாகவும் எழுதிவையுங்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு உலாவிகளில் அசைபடங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு முடிந்தபோது, அதில் செய்யப்பட்ட எத்தனையோ இன்டராக்டிவ் படைப்புகள் திறக்காமல் போயின. எழுதிவைத்திருந்தவர்களின் விளக்கம் மிஞ்சியது.

உங்கள் எழுத்து ஈர்க்கவில்லை என்று மேலாளர் சொன்னதை மனதில் போட்டு உழற்றிக்கொள்ளாதீர்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று அந்த வாடிக்கையாளர்கள் சொன்னதைக் கவனித்தவர் நீங்கள். தினமும் அந்த அழைப்புகளுக்கு நடுவே இருப்பவர்கள்கூட அதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். கால்குலேட்டரின் கடைசிக் கேள்வியாக வையுங்கள்: ‘தவணை முடிந்த பிறகு, பணத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை நாள் தள்ளிப்போடுகிறீர்கள்?’ ஏழு என்று சொன்னால், அவருடைய தாமதத்தில் அந்த ஏழு நாளைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். அதற்குக் கீழே, கூச்சமில்லாமல் அனுப்பக்கூடிய மூன்று வரி நினைவூட்டல் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், இலவசமாக. உங்கள் மென்பொருள் தானாக நினைவூட்டல் அனுப்பும் என்றால் அதைச் சொல்லச் சரியான இடமும் அதுதான்.

வேலையை முடிவுகளிலிருந்து தொடங்குங்கள். ‘உங்களுக்கு நாங்கள் வேண்டாம்’ என்ற முடிவை முதலில் எழுதி மேலாளரிடம் காட்டுங்கள். எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பார்க்காமல், அதன் வழியாக வந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் பணம் கட்டும் வாடிக்கையாளராக இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், அவர் சொல்லும் காரணங்களை அப்படியே எனக்கு அனுப்புங்கள். அவருக்கும் பதில் எழுதுகிறேன்.