கீறல் விழுந்த நான்ஸ்டிக் சட்டியை மாற்ற வேண்டுமா? எதற்கு மாறலாம்?

நான்ஸ்டிக் சட்டியில் கீறல் விழுந்துவிட்டது, உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். உதிர்ந்த துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். என் கவலையெல்லாம் சூடு பற்றித்தான். நான்ஸ்டிக் சட்டியில் ஒட்டாமலிருக்கப் பூசும் டெஃப்லான் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். இன்னும் சூடேறினால் வரும் புகை, மனிதருக்குக் காய்ச்சல் போன்ற உபாதை தரும். கூண்டுப் பறவைகளைக் கொன்றே விடும். காலிச் சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும், தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். பூச்சு உரிய ஆரம்பித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சரி, எதற்கு மாறுவது? அன்றாடச் சமையலுக்கு என் முதல் தேர்வு எவர்சில்வர். பாத்திரத்தில் '18/8' என்று போட்டிருந்தால், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வறுக்கவும் வாட்டவும் வார்ப்பிரும்பு நல்லது. எண்ணெய் தடவிப் பழக்கிவிட்டால் அவ்வளவாக ஒட்டாது.

அலுமினியத்திலும், ஈயம் பூசாத செம்பு, பித்தளையிலும் புளிப்பானதைச் சமைக்கவே வேண்டாம். அமிலம் உலோகத்தைக் கரைத்துவிடும். பூசுவது வெள்ளீயமாக (tin) இருக்க வேண்டும். காரீயம் (lead) நஞ்சு. பளபளப்புப் பூச்சுள்ள மண் பாத்திரம் வாங்கும்போதும் காரீயம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள்.