வரிக் கடைசி வெற்றிடங்களை நீக்கும் சிறு யூனிக்ஸ் கட்டளையை சி மொழியில் எழுதுகிறேன். என்னென்ன ஆப்ஷன்கள் வைக்கலாம்?

ஒன்றே ஒன்று போதும்: கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் ஆப்ஷன். வரி எண் போட என்எல் இருக்கிறது, டேப்பை விரிக்க எக்ஸ்பேண்ட், அடைவுகளுக்குள் தேடிப்போக ஃபைண்ட். அவற்றின் வேலையை உங்கள் கட்டளையில் திணிக்க வேண்டாம்.

கோப்புப் பெயர் கொடுத்தால் அதைப் படிக்கட்டும், இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் இன்புட்டை (விசைப்பலகையிலிருந்தோ முந்தைய கட்டளையிலிருந்தோ வருவது). பிழைச் செய்தி ஸ்டாண்டர்ட் எரருக்கு மட்டும். 'வேலை முடிந்தது' என்று ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் அச்சிட்டால், பைப்பில் (ஒரு கட்டளையின் அவுட்புட்டை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) அடுத்து நிற்கும் கட்டளை அதையும் டேட்டா என்றே எடுத்துக்கொள்ளும்.

அந்த ஒரு ஆப்ஷன் எதற்கு? யாராவது ஒருவர் அவுட்புட்டை, நிரல் படிக்கும் அதே கோப்புக்கே திருப்பிவிடுவார். உங்கள் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் அதை 0 பைட்டாக வெட்டிவிடும். நிரலுக்குள் இருந்து தடுக்க வழியில்லை.

உண்மையான உழைப்பு இங்கேதான். அசல் கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எம்கேஎஸ்டெம்ப் (யாரும் பயன்படுத்தாத பெயரில் கோப்பு திறக்கும் சி செயற்கூறு) கொண்டு தற்காலிகக் கோப்பை அதே அடைவில் உருவாக்குங்கள். டெம்ப் அடைவில் வைத்தால் அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருக்கலாம். அப்போது அதை அசலின் பெயருக்கு மாற்றும் ரீனேம் தோற்கும். எம்கேஎஸ்டெம்ப் 0600 அனுமதியோடுதான் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) திறக்கும், அதனால் அசலின் அனுமதியை எஃப்சிமோட் மூலம் கொடுங்கள். எழுதி முடித்து, டேட்டா டிஸ்க்குக்கே போய்ச்சேர எஃப்சிங்க் செய்து, கடைசியில் ரீனேம். எஃப்சிங்கை விட்டால் மின்சாரம் போகும்போது காலிக் கோப்பு மிஞ்சலாம். கொடுத்த பெயர் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் பெயர்) என்றால் முதலில் ரியல்பாத் வழியே அசலைக் கண்டுபிடியுங்கள், இல்லையேல் லிங்க்கே அழிந்து சாதாரணக் கோப்பாகிவிடும். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு உள்ள பெயர்) ஒன்றுக்கு மேல் இருந்தால் ரீனேம் அவற்றைப் பிரித்துவிடும். செய்தி சொல்லி மறுத்துவிடுவதே நல்லது என்பேன்.

தற்காலிகப் பெயரை அசல் பெயரோடு ஒட்டு சேர்த்து அமைக்காதீர்கள். பெரும்பாலான லினக்ஸ் ஃபைல்சிஸ்டங்களில் பெயருக்கு 255 பைட்டுதான் எல்லை. யுடிஎஃப்-8இல் 'கோப்பு' என்பதே 18 பைட்டு! நீளமான பெயரோடு ஒட்டும் சேர்ந்தால் எல்லை தாண்டும்.

வெற்றிடத்தைக் கண்டுபிடிக்க சி மொழியின் இஸ்ஸ்பேஸ் செயற்கூறு வேண்டாம். விண்டோஸ் கோப்புகளில் நியூலைனுக்கு முன் வரும் கேரேஜ் ரிட்டர்னையும் அது தின்றுவிடும். எழுத்துகளை வைக்கும் கேர் வகை மைனஸ் மதிப்பு கொள்ளும் கணினியில் 127க்கு மேற்பட்ட பைட்டுகளை அதற்கு அப்படியே கொடுப்பதும் தவறு. ஸ்பேஸ், டேப் இரண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். கடைசி வரியில் நியூலைன் இல்லாவிட்டால் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

பல கோப்புகளில் ஒன்று திறக்காவிட்டால், நிரலின் பெயர், கோப்பின் பெயர், காரணம் மூன்றையும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஆனால் முடிவில் எக்ஸிட் கோடாக, வெற்றி என்று பொருள்படும் 0 திருப்பக் கூடாது.

டிஸ்க் நிறைந்தது பிரிண்ட்எஃப் சமயத்தில் தெரியாமல் போகலாம். பஃபர் (எழுதும் முன் டேட்டா தங்கும் இடம்) காலியாகும்போதுதான் தெரியும். எனவே கோப்பை மூடும் எஃப்க்ளோஸ் திருப்பும் மதிப்பையும் பாருங்கள். லினக்ஸில் சோதிப்பது சுலபம்: அவுட்புட்டை, எப்போதும் 'டிஸ்க் நிறைந்தது' என்றே சொல்லும் /டெவ்/ஃபுல் சாதனத்துக்குத் திருப்பிவிட்டு, எக்ஸிட் கோட் என்னவென்று பாருங்கள். 0 வந்தால் இன்னும் எங்கோ ஒரு சோதனை விடுபட்டிருக்கிறது.