கர்ணன் யாரிடம் பேசுகிறான்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்து பார்த்தேன். கர்ணன் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் பெருமையையே பாடிக்கொண்டிருந்தான். கல்லூரியில் படிக்கும் என் மகள், "ஷேக்ஸ்பியர் நாடகத்து ஹாம்லெட்டும் இப்படித்தாம்மா, தனியாகப் பேசிக்கொண்டே இருப்பான்" என்கிறாள். இரண்டும் ஒன்றுதானா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: மகள் சொன்னது பாதி சரி. கூத்தில் யாருக்கும் தனிமை கிடையாது. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னாலிருந்து தன்னையே யாரோ ஒருவன் மாதிரி 'வந்தான், வந்தான்' என்று பாடுவதும், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவதும், முகவீணை என்ற ஊதுகுழல் கூடவே இழுப்பதும், நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து 'யாருய்யா நீ' என்று கலாய்ப்பதும்... இதில் எங்கே மனசுக்குள் பேசுவது? அது ஊருக்குச் சொல்லும் விலாசம். ஆனால் அதைக் காதில் வைத்துக்கொண்டே கர்ணன் மனைவி பொன்னுருவி வரும் கட்டத்துக்கு வாருங்கள். போருக்குப் போகுமுன் விடைபெற வந்த புருஷனை, அவன் குலத்தைச் சொல்லிக் குத்துகிறாள். திரைக்குப் பின்னால் அத்தனை பட்டம் சொன்னவன், வீட்டுக்காரியிடம் தன் பிறப்பைச் சொல்லி வாதாட வேண்டியிருக்கிறது. முதலில் பீற்றிக்கொண்டது எதை மூடிவைக்க என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஹாம்லெட்டும் ஒன்றை மூடித்தான் வைக்கிறான், வேறு விதமாக. 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்று தொடங்கும் அந்தப் பேச்சை மகளிடம் வாங்கி மூலத்தில் பாருங்கள், 'நான்' என்ற சொல்லே வராது. செத்துப்போன அப்பா, மறுகல்யாணம் செய்துகொண்ட அம்மா, கொலைகாரச் சித்தப்பா, ஒருவர் பேச்சும் இல்லை. எல்லாம் 'நாம்', 'மனிதன்' என்று பொதுவாகவே போகிறது. வீடு பற்றி எரியும்போது தத்துவம் பேசுகிற ஆள் அவன்! அதுவும் ராஜாவான அந்தச் சித்தப்பாவும் மந்திரியும் ஒளிந்திருந்து காது கொடுக்கும் நேரத்தில்.

கி.மு. 431இல் மேடையேறிய கிரேக்க நாடகத்து மெடியா இவர்கள் இருவரையும்விடப் பயங்கரம். துரோகம் செய்த புருஷனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்லப்போகிறவள், வேண்டாம் என்கிறாள், அப்புறம் செய்துதான் ஆகவேண்டும் என்கிறாள், மறுபடி வேண்டாம் என்று தன் நெஞ்சையே கூப்பிட்டுக் கெஞ்சுகிறாள். அதனால் நீளமாக ஒருவர் பேசினால் என்ன சொல்கிறார் என்பதோடு நிற்காமல், யாரை நம்பவைக்கப் பார்க்கிறார் என்றும் கேட்பேன். மெடியா தன்னையே நம்பவைக்கப் பார்க்கிறாள். உங்கள் ஊர்க் கர்ணனுக்கு ஊரே நம்பியாக வேண்டும்.

கேள்வி: விடிய விடியக் கூத்துப் பார்க்கக் கண் விழிக்க முடியவில்லை. எந்தக் கட்டத்துக்கு எழுப்பச் சொல்லலாம்?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: கர்ண மோட்சம் என்றால் மேலே சொன்ன பொன்னுருவி கட்டத்துக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால் திரைக்குப் பின்னால் கர்ணன் பாடும் பாட்டையும் கேட்டுவிட்டுப் படுங்கள். அதைத் தவறவிட்டால் எழுப்பியும் பிரயோஜனமில்லை.